கேட்காத பக்கம்

உப்பு வேண்டுமென்றால் அவர் உப்பைக் கேட்கமாட்டார். என் வாசலில் வந்து நிற்பார். கறுத்துக் கிடக்கும் மலையை அண்ணாந்து பார்ப்பார். "என்னா புள்ள, இன்னைக்கும் ஊத்தும்போல இருக்கே" என்பார்.

"ஊத்தட்டுமே அக்கா. நம்ம சொன்னா நிக்கப்போவுதா?"

"அதில்ல. இந்த ஈரத்துக்கு வீட்டுல ஒரு சாமானும் நிக்கமாட்டேங்குது. சீனி நசநசங்குது, மொளகாத்தூளு கட்டி பிடிச்சிருச்சு, உப்பு..."

அந்த 'உப்பு' வரும்போது மட்டும் குரல் அரைப்படி இறங்கும். அதைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்களிடமிருந்து அவருக்கு உப்பு கிடைக்கும். தெரியாதவர்களிடம், "சரி புள்ள, வாறேன்" என்று திரும்பிப் போய்விடுவார். போய், உப்பில்லாத கறியையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். சத்தியமாகச் சொல்கிறேன், சாப்பிட்டிருக்கிறார்.

எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். நான் குருவிட்ட பஜாரில் கடை வைத்திருந்தவர் மகள். கேட்டு வாங்கி, பேரம் பேசி, கொசுறும் பிடுங்கிக்கொண்டு வளர்ந்தவள். வாய் காதுவரைக்கும் என்று என் அம்மாவே சொல்வார். கல்யாணம் கட்டி, கரவனெல்லைக்கு மேலே மலைக்குள் இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கு வந்தால், லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராவில் இப்படி ஒரு மனுஷி. கடவுளுக்கும் வேடிக்கை பார்க்க ஆசைதான்.

அவருக்குப் பெயர் இல்லாமலில்லை. அடையாள அட்டையில் இருந்தது. ஆனால் தோட்டத்துக் கோயில் பூசாரியிலிருந்து பெரியதுரைவரை எல்லோருக்கும் அவர் ஆயம்மாதான். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். பால் வெட்டுக்குப் போகிற பொம்பளைகள் விடியும்முன்னே கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அவர் கையில் போட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒன்று அழ ஆரம்பித்தால் எல்லாம் அழும்.

என் மகளையும் அங்கேதான் விட்டேன். ஒருநாள் பகலில் எட்டிப் பார்க்கப் போனபோது, காம்பராவே இரைந்துகொண்டிருந்தது. ஆயம்மா அந்த இரைச்சலுக்குள் நிதானமாக நடந்து, மூலையில் சத்தமில்லாமல் கிடந்த ஒரு பிள்ளையைத் தூக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்துக்கொண்டிருந்தது. உடனே தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஆள் ஓடியது.

"எப்புடிக்கா கண்டுபுடிச்சீங்க? அது மூச்சுக்கூட விடலையே."

"அழற பிள்ளைக்குத் தெம்பு இருக்கு புள்ள. அது கெடக்கட்டும். அழாத பிள்ளையப் பாரு" என்றார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊர் சொல்கிறது. ஆயம்மா அந்தப் பழமொழியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து வாழ்ந்தார். தோட்டத்தில் எத்தனை பேரை அப்படிப் பார்த்துப் பார்த்துத் தூக்கினாரோ தெரியாது. அவரே ஒரு அழாத பிள்ளை என்பதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணம் கட்டவில்லை. அம்மா பாயோடு கிடந்த வருஷங்களில் பெண் கேட்டு வந்தவர்களுக்கு அம்மாவின் இருமலே பதில் சொல்லிவிட்டது. தங்கைகள் கட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவும் போன பிறகு கேட்டு யாரும் வரவில்லை. இவராகக் கேட்பாரா? உப்பே கேட்காதவர்.

பென்ஷன் எடுத்த அன்று, பிள்ளைக் காம்பரா வாசலில் வைத்து மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாள் விடிகாலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதியதும், ஆயம்மா தலையை வாரிக்கொண்டு குடையும் கையுமாக வெளியே வந்தார். பாதி வழி போய் நின்றார். திரும்பி வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் அப்படியே. அந்தக் கைகளைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அவள்தான் போனில் எதையெதையோ தேடி அவரிடம் நீட்டினாள். முதலில் கொக்கிப் பின்னல். அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் பிறந்த பச்சைப்பிள்ளைகள் எல்லாம் தலையில் தொப்பியோடு திரிந்தன, இந்தப் புழுக்கத்தில். பிறகு குறுக்குத் தையல். ஒரு கிளி, ஒரு பூச்சட்டி. அது அவருக்குப் பிடிக்கவில்லை. "குத்திக்கிட்டே இருக்கணும்போல புள்ள" என்று ஒதுக்கிவைத்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அது. நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா, மடியில் துணியைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். பாஷை ஒன்றும் விளங்கவில்லை. ஆயம்மா சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்த்தார்.

"இது என்னா தையல் பாப்பா?"

"சுவீடன் தையல் ஆயம்மா. சுவீடன்னு ஒரு நாடு. ரொம்பக் குளிருமாம்."

"அதான் போர்வையாத் தைக்கிறாங்க, பாவம்" என்றார்.

அந்தத் தையலில் ஊசி துணியைக் குத்துவதே இல்லை. நூல் நூலாக மேலே எழும்பித் தெரியும் ஒருவகை நெசவுத் துணி வேண்டும். எழும்பிய அந்த நூலுக்கடியில் மட்டும் ஊசி நுழைந்து நுழைந்து போகும். மேலே அலை அலையாகக் கோலம் விழும். துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சுத்தமாக இருக்கும், ஒரு தடயம் இராது. ஒவ்வொரு வரிசையையும் துணியின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். நீளமாக நூலை எடுத்து, பாதியை ஒரு பக்கம் ஓட்டி, மீதிப் பாதியை மறுபக்கம் ஓட்ட வேண்டும். முடிச்சே கிடையாது.

"பாரேன் புள்ள, துணிக்கு வலிக்கவே வலிக்காது" என்று எனக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. இருக்காதா? அது அவர் பேசுகிற மாதிரியே ஒரு தையல். மேலாக ஓடும், எதையும் குத்தாது, மறுபக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றுமே தெரியாது.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பொம்பளைகள் இந்த முடிச்சு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "முடிச்சே போடாத தையலாமே? ஆயம்மாவுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சிருக்கான் வெள்ளக்காரன்" என்றாள் ஒருத்தி. எனக்குக் கோபம் வந்தது. ஆயம்மா வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார்.

துணி வாங்கப் போன கதையைச் சொல்ல வேண்டும். கரவனெல்லை பஜாரில் சிங்கள அம்மா ஒருவர் கைத்தறிக் கடை வைத்திருந்தார். அங்கே அந்த மாதிரித் துணி இருந்தது, கண்முன்னே, தட்டிலேயே இருந்தது. ஆயம்மா அதைத் தடவினார். "ஹரி லஸ்ஸனய் நோனா" என்று அழகை மெச்சினார். சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடைக்கார அம்மாவின் முட்டிவலியை விசாரித்தார். மழையைப் பற்றிப் பேசினார். களனி கங்கை பெருகினால் கடைக்குள் தண்ணீர் வருமா என்று கவலைப்பட்டார். துணியை மட்டும் கேட்கவில்லை. கடைசியில் "சரி நோனா, நாங்க வாறோம்" என்று படியிறங்கவும் செய்தார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சிங்களத்திலேயே, "இந்தத் துணியில வெட்டுங்க, போர்வை அளவுக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். கடைக்கார அம்மா சிரித்தார். ஆயம்மா குற்றம் செய்து அகப்பட்டவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னாக்கா நீங்க? துணிய வச்சிருக்கறதே விக்கத்தானே!"

"கேட்டா குடுத்துத்தானே ஆவணும் புள்ள. இல்லேன்னு சொல்ல அவங்களுக்குச் சங்கடமாப் போயிருமில்ல" என்றார்.

கடைக்காரியிடம்கூட இந்தச் சங்கடம். தலையில் அடித்துக்கொண்டேன்.

போர்வை என்றதும் எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. அதுவரை அவர் தைத்ததெல்லாம் கைத்துண்டு, தலையணை உறை, என் வீட்டு டீவிக்கு ஒரு மூடுதுணி. எல்லாவற்றையும் அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார். இது யாருக்கு? நூல் வாங்கும்போது தெரிந்துவிட்டது. பச்சை நூல். கிளிப்பச்சை இல்லை, இலைப்பச்சை இல்லை. கடையில் இருந்த பச்சைகளையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, லேசாக வெளிறிய ஒரு பச்சையை எடுத்தார். நான் அந்தப் பச்சையை எங்கே பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தோட்டத்து வளைவில் பஸ் திரும்பும்போது பளிச்சென்று விளங்கியது. அது பழைய தோட்டத்து லொறியின் பச்சை.

லொறியை ஓட்டியவர் எங்கள் மேல் லயத்துக்காரர். ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு மலைக்கும் கொழும்புக்குமாக ஒரு ஆயுசு ஓடியவர். பெண்சாதி தவறிப் பல வருஷம். ஒரே மகளை வவுனியாவில் கட்டிக்கொடுத்திருந்தார். அவரும் பென்ஷன்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது பக்கமாகக் காற்றும் எஞ்சின் சத்தமும் அடித்து அடித்து, வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காது நன்றாகக் கேட்கும். நாங்கள் எல்லோரும் அவரை "டைவர் அண்ணே" என்போம். ஆயம்மா மட்டும் வெறும் "டைவர்". அந்த 'அண்ணே' அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

இருவருக்கும் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் ஒரே நாள் கிளினிக். அவருக்குப் பிரஷர், இவருக்குச் சீனி. ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் போவார்கள். டிரைவர் பழக்கத்தை விடாமல் ஜன்னலோரம் உட்காருவார். பஸ்ஸின் இடப்பக்க வரிசையில் ஆயம்மா நடைபாதைப் பக்கமாக, அதாவது அவருடைய வலப்பக்கமாக உட்கார்ந்து, துணியை எடுத்துத் தைத்துக்கொண்டே மெதுவாக ஏதோ பேசிக்கொண்டு வருவார். டிரைவர் வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவார். பின் சீட்டில் இருந்து நானும் பல தடவை பார்த்துவிட்டேன். ஒருநாள் வீட்டு இஸ்தோப்பில் வைத்து, பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"அக்கா, அது கேக்காத காது. அந்தப் பக்கம் உக்காந்து பேசி என்னா பிரயோசனம்?"

"தெரியும் புள்ள."

"தெரிஞ்சா மாறி உக்காரலாமே?"

ஊசியை எழும்பிய நூலுக்கடியில் விட்டு மெதுவாக இழுத்தார். "அந்தப் பக்கந்தான் பேச லேசா இருக்கு" என்றார்.

அவருக்குக் காது கேட்காது, இவருக்கு வாய் கேட்காது, நல்ல ஜோடிதான் என்று அதுவரை எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

இனி வந்த வினையைச் சொல்கிறேன். போர்வை மடியில் பெரிதாகி, பஸ்ஸில் பக்கத்து மடிக்கும் வழியத் தொடங்கிய நேரம். டிரைவர் துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். "நல்ல பச்சை" என்றார். "இது என்னா தையல்?"

"சுவீடன் தையல்" என்றார் ஆயம்மா, அந்தக் கேட்காத காதுக்கு, அவருடைய மெல்லிய குரலில்.

"சீதனத் தையலா?"

காது மந்தமானவர்களுக்குக் குரல் பெரிது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஆயம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்து சிரிப்பு வந்துவிட்டது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"யாருக்குச் சீதனம்?" என்றார் அவர்.

ஆயம்மா துணியைப் பார்த்துக்கொண்டே, "வேணும்னு கேக்கறவங்களுக்கு" என்றார். இது மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுத் தொலைத்தது. "அப்புடியா" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். பஸ்ஸில் இருந்தவர்கள் வழியாக அன்று மாலைக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. ஆயம்மா சீதனம் தைக்குதாம்! ஒருத்தி மாப்பிள்ளையையும் உண்டாக்கினாள். ருவன்வெல்லைப் பக்கம் ஒரு வாச்சர், காவல் வேலையில் பென்ஷன் எடுத்தவர், சொந்தமாகக் கல்வீடு. இன்னொருத்தி வாச்சருக்கு மீசை வைத்தாள். பீலியில், கோயிலில், கடையில், எங்கே போனாலும் "ஆயம்மா, மாப்பிள்ளை எப்ப வாறாரு?" ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "சும்மா சிரிச்சிட்டுப் போகட்டும் புள்ள, பாவம், வேற என்னா இருக்கு அவங்களுக்கு" என்றார் ஆயம்மா. நானும் விட்டுவிட்டேன். வேடிக்கைதானே என்று நினைத்தேன். மேல் லயத்தில் ஒருவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது யாருக்குத் தெரியும்?

அடுத்த கிளினிக் நாளில் டிரைவர் முன்னால் போய் ஆம்பிளைகளோடு உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளிலும். மாலையில் ஆயம்மாவின் இஸ்தோப்புப் பக்கம் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர், வருவதையும் நிறுத்திவிட்டார். பிறகு சேதி வந்தது. மகளின் புருஷன் கட்டாருக்குப் போகிறானாம். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள டிரைவர் வவுனியாவுக்கே போய்விடுகிறாராம்.

ஆயம்மா அன்று என் வாசலில் வந்து நின்றார்.

"வவுனியாவுல வெயில் சாஸ்தின்னு சொல்றாங்க புள்ள."

"ஆமாக்கா."

"மழைக்குப் பழகுன ஒடம்புக்கு ஒத்துக்குமா என்னமோ. தண்ணியும் சவர்த் தண்ணியாம். பிரஷர் உள்ளவங்களுக்கு..." என்று இழுத்தார்.

அந்த இறங்கிய குரலை நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷப் பழக்கம் சும்மாவா? "அக்கா, போய் நேரா நின்னு, போகாதீங்கன்னு சொல்லுங்க. இதுல என்னா சுத்தி வளைச்சு வெயிலும் தண்ணியும்!"

"நான் யாரு புள்ள சொல்றதுக்கு?"

"சரி, நீங்க சொல்லவேணாம். நான் போயிச் சொல்றேன்."

"சொன்னேன்னா என் மூஞ்சியில முழிக்காத."

அவர் என்னிடம் சொன்ன ஒரே கடுஞ்சொல் அதுதான். சொல்லிவிட்டு அவரே பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுட்டா அது அவருக்குப் பாரம் புள்ள. மக ஒரு பக்கம் இழுக்கும், நான் ஒரு பக்கம் இழுத்தா மனுஷன் எங்க போவாரு?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

டிரைவர் புறப்பட்ட காலையில் பஸ் நிற்கும் ஹோல்ட்டுக்குப் பாதித் தோட்டம் வந்திருந்தது. ஆயம்மாவும் வந்தார். தைத்துக்கொண்டிருந்ததைப் பையோடு தோளில் மாட்டியிருந்தார். வழக்கம்போல டிரைவரின் வலப்பக்கமாகப் போய் நின்றார். நான் ஆயம்மாவின் பக்கத்தில்.

டிரைவர் ஒரு பொட்டலத்தை எடுத்தார். பேப்பரைப் பிரித்தால் பளபளவென்று ஒரு சில்வர் தாம்பாளம்.

"கல்யாணத்துக்கு நான் இருக்கமாட்டேன் ஆயம்மா. அதான் இப்பவே" என்றார். தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்தார். அப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வாச்சர் நல்ல மனுஷன்தானே? குடிக்கமாட்டாரே?" என்றார்.

நிஜமாகவே கேட்டார்! இல்லாத வாச்சரை, மீசை முதற்கொண்டு நம்பி, அதனால்தான் முன் சீட்டுக்குப் போனார் அந்த மனுஷன். "ஐயோ டைவர் அண்ணே" என்று வாயைத் திறந்தேன். ஆயம்மா என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். இந்த மனுஷி இப்போதும் மழையைப் பற்றித்தான் பேசப்போகிறார், தாம்பாளத்தோடு திரும்பிப் போய் உப்பில்லாத சோற்றைத் தின்னப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் என் கையை விட்டார். தாம்பாளத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, டிரைவரின் முன்னால் சுற்றி நடந்து, மறுபக்கம் போனார். இடது காதுப் பக்கம். அத்தனை பேர் பார்க்க அங்கே போய் நின்றார்.

"வாச்சரும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல" என்றார். "அது சுவீடன் தையல். வெள்ளக்காரன் ஊரு பேரு. போர்வை ஒங்களுக்குத்தான். ஒங்க லொறிப் பச்சை. எனக்கு நீங்க போறது புடிக்கல. போகாதீங்க."

டிரைவர் அவரைப் பார்த்தார். இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் அவரிடம் பேசியதே இல்லை என்பதுபோலப் பார்த்தார்.

"இப்பத்தானே கேக்குது" என்றார்.

"இப்பத்தானே கேக்குறேன்" என்றார் ஆயம்மா.

வளைவில் பஸ் ஹோன் அடித்தது. ஆயம்மா பையிலிருந்து போர்வையை உருவிக் காட்டினார். நடுவிலிருந்து ஒரு பக்கம் முழுக்கப் பச்சை அலை ஓடியிருந்தது. மறுபக்கம் வெறும் துணி. வரிசைக்கு ஒரு நூலாக, தைக்காத மீதி நூல்கள் நடுவிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன.

"பாதிதான் ஆயிருக்கு" என்றார்.

டிரைவர் அந்தத் தொங்கும் நூல்களைக் கையில் ஏந்திப் பார்த்தார். "மகளுக்குச் சொல்லிட்டேன் ஆயம்மா. மருமகன் பிளேன் ஏறியாச்சு. பிள்ளைக தனியா நிக்கும்" என்றார். கண் கலங்கியிருந்தது. "முடிச்சு வைங்க. வந்து போத்திக்கிறேன்."

கொண்டக்டர், "நகின்ட, நகின்ட, ஏறுங்க அப்பு" என்று கதவைத் தட்டினான். பஸ் போய்விட்டது. எனக்குத்தான் அழுகை அடங்கவில்லை. ஆயம்மா அழவில்லை. தாம்பாளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வா புள்ள, வெயில் ஏறுது" என்று நடந்தார். வெயிலே இல்லை அன்றைக்கு.

போர்வையை அந்த மாதமே முடித்தார். டிரைவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். போனில் கேட்காத பக்கம் கிடையாது. அதுதான் ஆயம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் நான் சமைத்துக்கொண்டிருப்பேன். மழை, சீனி, மிளகாய்த்தூள் ஒன்றும் இல்லாமல், எடுத்த எடுப்பிலேயே, "எப்ப வாறீங்க?" என்று ஆயம்மா கேட்பது எனக்குக் கேட்கும். தை பிறக்கட்டும் என்பாராம். சித்திரைக்கு என்பாராம். சின்னது பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டும் என்பாராம். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். பிள்ளைகள் அப்படி, விடாது. "போர்வையப் பஸ்ஸுல போட்டு அனுப்பிருங்கக்கா" என்று நான் ஒருதடவை சொன்னேன். "அது எதுக்கு? வந்து போத்திக்கிறேன்னு சொன்னவரு வந்து போத்திக்கட்டும்" என்றார்.

பிறகு அப்பாவின் கடையைப் பார்க்க ஆளில்லாமல் நாங்கள் குருவிட்டைக்கே வந்துவிட்டோம். இங்கே பக்கத்து வீட்டுக்காரி உப்பு வேண்டுமென்றால் "உப்பு தாங்க" என்று கேட்கிறாள், கொடுக்கிறேன். மழை இருட்டிக்கொண்டு வரும்போது மட்டும் வாசலைப் பார்த்துக்கொள்கிறேன். யாராவது வந்து நின்று, "என்னா புள்ள, ஊத்தும்போல இருக்கே" என்று சொன்னால் தேவலை என்று இருக்கிறது. மனசு கிடந்து ஏங்குகிறது, அதற்கு என்ன செய்ய?

கடைசியாக நான் அவரைப் பார்க்கப் போனது ஒரு கிளினிக் நாளில். சேர்ந்தே பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். ஆயம்மா இடப்பக்க வரிசையில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தார். டிரைவர் உட்காருகிற இடம் அது. தன் வலப்பக்கத்துச் சீட்டை எனக்குத் தருவார் என்று நான் உட்காரப் போனேன். "நீ பின்னால உக்காரு புள்ள" என்றார். போர்வை இருந்த பையை எடுத்து அந்தச் சீட்டில் வைத்தார். வவுனியாவிலிருந்து வருகிற ஆள் அங்கே உட்கார்ந்தால், அவருடைய கேட்கிற காது ஆயம்மாவின் பக்கம் இருக்கும்.

அடுத்த ஹோல்ட்டில் ஏறிய ஒருவர் இடம் தேடிக்கொண்டு வந்து, பையைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கேட்டார். சங்கடப்பட்டு எழும்பித் தன் சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். ஆயம்மா பையின்மேல் கையை வைத்தார். நிமிர்ந்து அந்த ஆளின் முகத்தைப் பார்த்தார்.

"கெனெக் எனவா" என்றார். ஆள் வருது.

அந்த மனிதர் தள்ளிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரவனெல்ல வரைக்கும் அந்தச் சீட்டில் யாரும் உட்காரவில்லை.